பழைய கம்ப்யூட்டர்ல உண்மையில எது சாகுது? கப்பாசிட்டரும் பேட்டரியும், அடிப்படையிலேர்ந்து

பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு கைக்கு வந்திருக்கு, என்ன பண்ணலாம்னு யார்கிட்டயாவது கேட்டா பெரும்பாலும் ரெண்டுல ஒரு பதில்தான் வரும். ஒண்ணு, "முப்பது வருஷம் ஆச்சுல்ல, போர்டு போயிருக்கும், காயலான் கடையில போட்டுடுங்க". இன்னொண்ணு, "கப்பாசிட்டர் எல்லாத்தையும் மாத்துங்க, ஓடும்". முதல் பதிலால எத்தனையோ நல்ல மெஷின் எடைக்குப் போயிருக்கு. ரெண்டாவது பதிலை நம்பி, ஒழுங்கா இருந்த போர்டுல சால்டரிங் அயர்னை வச்சு டிராக்கை (போர்டு மேல ஓடற மெல்லிசு செம்புக் கோடு) பிச்சு எடுத்தவங்களும் இருக்காங்க. இது ரெண்டையும் விட ஆபத்தான மூணாவது ஒண்ணு இருக்கு: "சும்மா பிளக்கைச் சொருகித்தான் பாப்போமே".

அந்த மூணாவதை நான் பண்ணியிருக்கேன். எங்க மாமா 1994ல கடை கணக்குக்காக வாங்கின 486 (இன்டெல்லோட பழைய பிராசஸர் வகை) கம்ப்யூட்டர் ஒண்ணு, டிஎக்ஸ்2 66 மெகாஹெர்ட்ஸ், 8 எம்பி ரேம், ரொம்ப வருஷமா பரண்ல கிடந்துச்சு, இறக்கித் தூசி தட்டினதும் ஆசை தாங்கல, நேரா பிளக்குல சொருகி சுவிட்சைப் போட்டேன். டப்புன்னு ஒரு சத்தம், கேஸ் உள்ள மஞ்சளா ஒரு பொறி, அப்புறம் எரிஞ்ச வாடை. மாமா ஒண்ணும் சொல்லல, ஆனா அவர் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அன்னைக்கு வெடிச்சது என்ன, ஏன் வெடிச்சது, அதுக்கு முன்னாடி நான் எதையெல்லாம் பாத்திருக்கணும், இதைத்தான் கீழ எழுதியிருக்கேன். எலக்ட்ரானிக்ஸ் படிச்சிருக்கணும்னு இல்ல, யாருக்கும் புரியும்.

சிப் சும்மா கிடந்தா கெடாது

முதல்ல ஒரு தப்பான எண்ணத்தைத் தள்ளி வைக்கணும். "பழசு" அப்படின்னா எல்லா பார்ட்டும் ஒரே அளவு பழசாயிடும்னு நினைக்கிறோம், அப்படி இல்ல. பரண்ல முப்பது வருஷம் வச்ச எவர்சில்வர் குடம் அப்படியே இருக்கும், பக்கத்துல தகர மூடி போட்டு வச்ச ஊறுகா ஜாடி அப்படியா இருக்கும்? உள்ள இருக்குற உப்பும் புளிப்பும் மூடியை அரிச்சு, கசிஞ்சு, பலகை வரைக்கும் கறையாக்கி வச்சிருக்கும்.

கம்ப்யூட்டர் போர்டும் அதே மாதிரிதான். பிராசஸர், ரேம், ரெசிஸ்டர் இதெல்லாம் எவர்சில்வர் குடம். சரியான வோல்டேஜ் குடுத்து, ரொம்ப சூடாக்காம வச்சிருந்தா பல பத்து வருஷம் தாங்கும். (சிப் சாகவே சாகாதுன்னு சொல்லல, கமடோர் 64ங்கற 80கள் வீட்டுக் கம்ப்யூட்டர்ல சில சிப்புங்க சாகுறதுக்குப் பேர் போனதுங்க. ஆனா பொதுவா சொல்றேன்.) ஊறுகா ஜாடி மாதிரி உள்ள ஈரமா ஒரு ரசாயனத்தை அடைச்சு வச்சிருக்குற பார்ட்டு போர்டுல ரெண்டே ரெண்டுதான்: பேட்டரி, அப்புறம் எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர். "போர்டு போச்சு"ன்னு ஒதுக்கி வச்ச மெஷின்ல பெரும்பாலும் போயிருக்குறது இது ரெண்டுல ஒண்ணு, இல்லன்னா இதுலேர்ந்து கசிஞ்சது அரிச்ச ஏதோ ஒரு டிராக்.

கப்பாசிட்டரும் கண்டென்சரும் ஒண்ணுதான்

கப்பாசிட்டர்ங்கற பேரு புதுசா தெரிஞ்சா பயப்பட வேணாம், உங்க வீட்டு சீலிங் ஃபேன்ல ஏற்கனவே ஒண்ணு இருக்கு. ஃபேன் மெதுவா சுத்துனா எலக்ட்ரீஷியன் வந்து பாத்துட்டு "கண்டென்சர் வீக்காயிடுச்சு"ன்னு சொல்லி ஒரு சின்ன டப்பாவை மாத்திட்டுப் போவார்ல, அதுதான். கண்டென்சர், கப்பாசிட்டர் ரெண்டும் ஒரே பொருளுக்குப் பழைய பேரும் புதுப் பேரும். ஃபேன்ல இருக்குறது வேற வகை, உள்ள பிளாஸ்டிக் ஃபிலிம் இருக்கும், ஆனா செய்யற அடிப்படை வேலை ஒண்ணுதான்: கரண்ட்டைக் கொஞ்சம் பிடிச்சு வச்சு, தேவைப்படறப்ப திருப்பிக் குடுக்குறது.

இப்போ ஒரு அடி பம்பை நினைச்சுக்கோங்க. கைப்பிடியை ஒரு தடவை அமுக்குனா குபுக்னு தண்ணி வரும், மேல தூக்கறப்ப நின்னுடும், மறுபடி அமுக்குனா மறுபடி குபுக். இந்தத் தண்ணியில நேரடியா பாத்திரம் கழுவ முடியாது, விட்டு விட்டு வருது. ஆனா பம்புக்குக் கீழ ஒரு டிரம்மை வச்சு, டிரம்முக்கு அடியில ஒரு குழாய் போட்டா என்ன ஆகும்? மேல குபுக் குபுக்னு விழுந்தாலும் கீழ குழாய்ல தண்ணி ஒரே சீரா வரும். அந்த டிரம்தான் கப்பாசிட்டர்.

வீட்டுக்கு வர்ற 230 வோல்ட் ஏசி கரண்ட்டும் அடி பம்பு மாதிரிதான், ஒரு செகண்டுக்கு 50 தடவை முன்னயும் பின்னயும் போய் வரும். பவர் சப்ளை அதை ஒரே திசைக்குத் திருப்புறப்ப செகண்டுக்கு 100 துடிப்பு கிடைக்கும். பிராசஸருக்கு இந்தத் துடிப்பு ஆகவே ஆகாது, அதுக்கு ஆடாத 5 வோல்ட் வேணும். அதனால பவர் சப்ளைக்குள்ள பெரிய டிரம், வெளிய வர்ற வழியில நடுத்தர டிரம், போர்டுல ஒவ்வொரு சிப்புக்கும் பக்கத்துல சின்னச் சின்ன சொம்புன்னு வச்சிருப்பாங்க. சிப் திடீர்னு நிறைய கரண்ட் கேக்குறப்ப அவ்வளவு தூரம் டிரம் வரைக்கும் ஓட நேரமில்ல, பக்கத்துல இருக்குற சொம்புலேர்ந்து எடுத்துக்கும்.

இப்போ நாலு வார்த்தை மட்டும் தெரிஞ்சுக்கணும், டிரம்மை வச்சே சொல்லிடறேன். டிரம் எவ்வளவு பெருசுங்கறது கப்பாசிட்டன்ஸ், அதை மைக்ரோஃபேரட்ல சொல்லுவாங்க. எவ்வளவு அழுத்தம் வரைக்கும் டிரம் வெடிக்காம தாங்கும்ங்கறது வோல்டேஜ் ரேட்டிங். அடிக் குழாய்ல வர்ற தண்ணியில இன்னும் லேசா மிச்சமிருக்குற துடிப்பு ரிப்பிள். கடைசியா ஒண்ணு, இதுதான் ரொம்ப முக்கியம், ஆனா யாரும் சரியா சொல்லித் தர மாட்டேங்கறாங்க: அடிக் குழாய்ல உப்புப் படிஞ்சு அடைச்சுக்கிட்டா டிரம் முழுக்க தண்ணி இருந்தும் குழாய்ல நூல் மாதிரிதான் வரும்ல, கப்பாசிட்டருக்குள்ள இருக்குற அந்த அடைப்புக்குப் பேரு ஈஎஸ்ஆர். ஈஎஸ்ஆர் கம்மியா இருந்தா நல்ல கப்பாசிட்டர், ஏறுச்சுன்னா அது கெட்டுக்கிட்டே வருதுன்னு அர்த்தம்.

சாதாரண மல்ட்டிமீட்டர்ல "கப்பாசிட்டன்ஸ் கரெக்டா காட்டுது, அப்போ நல்லாத்தான் இருக்கு"ன்னு நிறைய பேரு ஏமாந்து போறது இங்கதான். மீட்டர் டிரம்மோட அளவைப் பாக்குது, குழாய் அடைச்சிருக்கான்னு பாக்கல. ஈஎஸ்ஆர் காட்டுற மீட்டர் தனியா இருக்கு, இப்போ சின்ன ஸ்கிரீன் வச்ச விலை கம்மியான காம்பொனன்ட் டெஸ்டர்லயே அதுவும் வந்துடுது, இந்த வேலையில இறங்கறவங்க முதல்ல வாங்க வேண்டிய பொருள் அதுதான்.

இதுவரைக்கும் பாத்தது: கப்பாசிட்டர் ஒரு டிரம். விட்டு விட்டு வர்ற கரண்ட்டைச் சீராக்குது. டிரம் சின்னதாயிட்டாலோ குழாய் அடைச்சுக்கிட்டாலோ கரண்ட் ஆட ஆரம்பிக்கும். மெஷின் நடுவுல நின்னு போறது, தானா ரீஸ்டார்ட் ஆகுறது எல்லாம் அந்த ஆட்டத்தாலயும் வரலாம்.

உள்ள பிரிச்சுப் பாத்தா

எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர் ஒண்ணை (கெட்டுப்போனது, கரண்ட் இல்லாதது) கத்தரிச்சுப் பாத்தா உள்ள பாய் சுருட்டுன மாதிரி இருக்கும். நீளமா ரெண்டு அலுமினியத் தகடு, நடுவுல ஒரு பேப்பர், அந்தப் பேப்பர் முழுக்க ஒரு திரவம் ஊறியிருக்கும். அந்தத் திரவம்தான் எலக்ட்ரோலைட், கரண்ட்டைக் கடத்துற ஈரம். ஒரு தகடு மேல கண்ணுக்குத் தெரியாத மெல்லிசா ஒரு ஆக்சைடு படலம் இருக்கும், ரெண்டு பக்கத்தையும் பிரிச்சு வைக்கிற சுவர் அந்தப் படலம்தான். சுவர் எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு பெரிய டிரம்மைச் சின்ன டப்பாவுக்குள்ள அடைக்கலாம், இதுதான் இந்த வகையோட சாமர்த்தியம். இன்னொரு தகட்டை அந்தச் சுவரோட ஒட்டினாப்புல சேத்து வைக்கிறது ஈரம்தான், ஈரம் போச்சுன்னா அந்த டப்பாவால வேலையே இல்ல.

ஈரம் போறது ரெண்டு வழியில. ஒண்ணு, அடியில இருக்குற ரப்பர் மூடி வழியா கொஞ்சம் கொஞ்சமா ஆவியா போய்க் காஞ்சு போகும். காஞ்சா ஈஎஸ்ஆர் ஏறும், ஈஎஸ்ஆர் ஏறுனா கப்பாசிட்டரே சூடாகும், சூடானா இன்னும் வேகமா காயும். கடைசி ஒரு வருஷத்துல தடதடன்னு கெட்டுப் போறது இதனாலதான். ரெண்டு, மூடியைத் தாண்டி வெளிய கசிஞ்சு போர்டு மேல பரவும். அது இன்னும் மோசம், ஏன்னா டப்பா காலியாகுறதோட பக்கத்துல இருக்குற டிராக்கையும் அரிக்கும்.

சூடு எவ்வளவு முக்கியம்னு ஒரு கணக்கு சொல்றேன். கப்பாசிட்டர் மேல "105 டிகிரி"ன்னு போட்டு, கம்பெனி விவரத்தாள்ல "2000 மணி நேரம்"னு இருக்கும். இந்தத் துறையில எல்லாரும் கையில வச்சிருக்குற விதி, சூடு 10 டிகிரி குறைஞ்சா ஆயுள் ரெண்டு மடங்கு. அப்போ 65 டிகிரியில ஓடுனா நாலு தடவை ரெட்டிச்சு 32,000 மணி நேரம், நிறுத்தாம ஓட்டுனா மூணரை வருஷத்துக்குக் கொஞ்சம் மேல. 45 டிகிரியில 1,28,000 மணி நேரம், பதினாலு வருஷத்தைத் தாண்டும். சித்திரை வெயில்ல மொட்டை மாடிக்குக் கீழ இருக்குற பரண்ல வைக்காதீங்கன்னு நான் எல்லார்கிட்டயும் கெஞ்சறது இதனாலதான்.

எல்லா வருஷத்து மெஷினும் ஒரே மாதிரி சாகாது

"எல்லாத்தையும் மாத்து"ங்கற அறிவுரை எனக்குப் பிடிக்காததுக்குக் காரணம் இந்தப் பகுதிதான். எந்த வருஷம், எந்த வகைன்னு பாத்துட்டுத்தான் கை வைக்கணும்.

ஐபிஎம் 1981ல விட்ட முதல் பிசி, மாடல் 5150ஐ எடுத்துக்கோங்க. அதுல பிரச்சனை பண்றது ஈரமான அலுமினிய எலக்ட்ரோலிட்டிக் இல்ல, டான்டலம் வகை கப்பாசிட்டர். சின்ன மணி மாதிரி தொங்கிக்கிட்டு இருக்கும், உள்ள ஈரமே கிடையாது, டான்டலம்ங்கற உலோகப் பொடியை அழுத்திச் செஞ்சது. இது காயாது, கசியாது, ஆனா சாகுறப்ப ஷார்ட் ஆகி சாகும். 12 வோல்ட் லைன்ல 16 வோல்ட் ரேட்டிங் உள்ளதைப் போட்டிருந்தாங்க, நெருக்கமான இடைவெளி. ரொம்ப வருஷம் சும்மா கிடந்துட்டுத் திடீர்னு கரண்ட் வந்தா ஷார்ட் ஆகி, பவர் சப்ளை நல்லதா இருந்தா ஃபேன் லேசா துடிச்சு நின்னுடும், இல்லன்னா டான்டலம் பட்டாசு மாதிரி வெடிக்கும். எங்க மாமா மெஷின்ல வெடிச்சதும் இதுதான், ஹார்ட் டிஸ்க்கும் சீரியல் போர்ட்டும் மாட்டுற அந்த கார்டுல இருந்த ஒரே ஒரு டான்டலம். போர்டுக்கு ஒண்ணும் ஆகல, கார்டுக்கும் ஒண்ணும் ஆகல. ஒரு சின்ன பார்ட்டு மாத்துனதும் கார்டு வேலை செஞ்சுது, "போர்டு போச்சு"ன்னு ரெண்டு மாசம் அழுதது வீண்.

அடுத்தது 80களோட கடைசியும் 90களோட ஆரம்பமும். அப்பதான் போர்டு மேல நேரடியா ஒட்டுற சின்ன அலுமினிய டப்பா வந்துச்சு, சர்ஃபேஸ் மவுன்ட்னு சொல்லுவாங்க, போர்டுல ஓட்டை போடாம மேலயே ஈயம் வச்சு உக்கார வைக்கிற முறை. 1989ல வந்த மேக்கின்டாஷ் எஸ்இ/30, கமடோரோட அமிகா 600, 1200, 4000 எல்லாத்துலயும் இதுதான். இதுங்க கசியும், ஏறக்குறைய எல்லாமே கசியும். வெளியிலேர்ந்து பாத்தா டப்பா ஒழுங்கா இருக்கும், ஆனா காலடியில ஈயம் பளபளப்பு போய் மங்கலா சாம்பல் நிறமா இருக்கும். சால்டரிங் அயர்னை வச்சதும் கருவாட்டு வாடை அடிக்கும், ஒரு தடவை அந்த வாடையைப் பிடிச்சவங்க மறக்க மாட்டாங்க. இந்த மெஷினுங்க உங்ககிட்ட இருந்தா, ஓடிக்கிட்டு இருந்தாலும் சரி, மாத்திடுங்க, காத்திருக்காதீங்க.

அதே காலத்து 386, 486 போர்டு வேற. காலு நீளமா ஓட்டைக்குள்ள இறங்குற பழைய வகை கப்பாசிட்டர், அதுவும் ஒரு போர்டுல கொஞ்சம்தான் இருக்கும், பெரும்பாலும் இன்னைக்கும் நல்லா இருக்கும். அதைக் காரணமில்லாம கழட்டாதீங்க.

வேடிக்கை என்னன்னா, 1993 போர்டை விட 2003 போர்டுதான் அதிகமா சாகுது. 2000க்கு அப்புறம் சில வருஷம், தைவான்ல செஞ்ச நிறைய கப்பாசிட்டர்ல எலக்ட்ரோலைட் கலவை சரியில்லாம போச்சு. தண்ணி அதிகமா இருந்த அந்தக் கலவையில, அலுமினியத்தைப் பாதுகாக்குற சேர்மானம் சரியா இல்லாததால தண்ணியும் அலுமினியமும் சேர்ந்து ஹைட்ரஜன் வாயு உண்டாகி, டப்பா உப்பிக்கிச்சு. தலையில பெருக்கல் குறி மாதிரி கீறல் இருக்கும்ல, வாயு சேர்ந்தா வெடிக்காம அந்த இடத்துல கிழிஞ்சு வெளிய போகட்டும்னுதான் அதை வச்சிருக்காங்க. தலை தட்டையா இல்லாம பூரி மாதிரி உப்பியிருந்தா, பழுப்பா எதாவது வழிஞ்சு காஞ்சிருந்தா, மீட்டரே வேணாம், அது போச்சு. டெல்லோட ஆப்டிபிளெக்ஸ் ஜிஎக்ஸ்270 இதுல ரொம்பப் பேர் போனது, 2005ல அந்த கம்பெனி இந்த ரிப்பேர் செலவுக்குன்னே 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்துச்சு.

இன்னொண்ணு மட்டும் சொல்லிடறேன், பவர் சப்ளைக்குள்ள கரண்ட் நுழையற வாசல்லயே உக்காந்திருக்குற ரிஃபா கம்பெனி கப்பாசிட்டர். உள்ள பேப்பர், மேல ஒளி ஊடுருவற மஞ்சள் பிளாஸ்டிக். பிபிசி மைக்ரோ, ஆப்பிள் டூ மாதிரி பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்கள்ல இருக்கும். வருஷக்கணக்குல பிளாஸ்டிக்ல மயிரிழை விரிசல் விட்டு, அது வழியா காத்துல இருக்குற ஈரம் இறங்கி, என்னைக்கோ ஒரு நாள் ஆன் பண்ணி பத்து நிமிஷத்துல அறை முழுக்கப் புகை. மெஷினுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா அந்த வாடை ரெண்டு நாள் போகாது.

சுருக்கமா: டான்டலம் ஷார்ட் ஆகும், 90கள் ஆரம்பத்துச் சின்ன டப்பா கசியும், 2000க்கு அப்புறம் வந்தது உப்பும், ரிஃபா புகையும். 486 போர்டுல கப்பாசிட்டரை விட கவலைப்பட வேண்டியது வேற ஒண்ணு.

பேட்டரி கசிஞ்சா அது ஆசிட் இல்ல

அந்த வேற ஒண்ணு, நீல நிறத்துல உருளையா, போர்டுலயே ஈயம் வச்சு ஒட்டியிருக்குற 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி, நிறைய போர்டுல வார்டான்னு பேர் போட்டிருக்கும். மெஷினை அணைச்சாலும் தேதி, நேரம், எந்த ஹார்ட் டிஸ்க் மாட்டியிருக்குங்கற செட்டிங் எல்லாம் மறக்காம இருக்குறதுக்காக வச்சது. கமடோரும் இதையேதான் அமிகா 500 பிளஸ்லயும் 2000லயும் வச்சாங்க.

இது கசியறப்ப எல்லாரும் "ஆசிட் ஊத்திடுச்சு"ம்பாங்க, உடனே சமையல் சோடாவைக் கரைச்சு ஊத்துவாங்க. தப்பு. கார் பேட்டரியில இருக்குறதுதான் ஆசிட், அதுக்குத்தான் சோடா. நிக்கல் காட்மியத்துக்குள்ள இருக்குறது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அது காரம், அதாவது ஆசிட்டுக்கு நேர் எதிரானது. காரத்து மேல இன்னொரு காரத்தைக் கொட்டி என்ன பிரயோஜனம்? அதை அடக்க லேசான ஆசிட் வேணும், வெள்ளை வினிகர் போதும். வீட்டுல செம்புக் குடத்துல பிடிச்ச களிம்பைப் புளி போட்டு விளக்கறோம்ல, புளியில இருக்குற புளிப்புதான் களிம்பைக் கரைக்குது, இங்க வினிகரும் அப்படித்தான். (போர்டுக்குப் புளியைத் தேய்ச்சுடாதீங்க, அதோட சக்கை சிப்பு காலுக்கு நடுவுல மாட்டிக்கும்.)

மாமா மெஷின்ல டான்டலத்தை மாத்தின பிறகு "கீபோர்ட் எரர்"னு வந்து நின்னுச்சு. கீபோர்டு சொருகற இடத்துக்குப் பக்கத்துலதான் பேட்டரி. பக்கத்துல லைட் வச்சுப் பாத்தா பேட்டரி காலைச் சுத்தி பச்சை நீலமா பொடி, அதைத் தாண்டி போர்டோட பச்சை மேல்பூச்சு அம்மை போட்ட மாதிரி சின்னச் சின்ன கொப்புளம். முதல்ல பேட்டரியோட ரெண்டு காலையும் வெட்டி எடுத்தேன், அப்புறம் பழைய டூத் பிரஷ்ல வினிகரைத் தொட்டுத் தேய்ச்சா லேசா நுரைச்சுது. நுரை நிக்கிற வரைக்கும் தேய்ச்சு, டிஸ்டில்டு வாட்டர்ல கழுவி, ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல இன்னொரு தடவை துடைச்சு, ஒரு நாள் முழுக்க ஃபேனுக்கு அடியில காய வச்சேன். கொப்புளம் இருந்த இடத்துல பூச்சை மெதுவா சுரண்டுனா அடியில செம்பு டிராக்கு கறுத்துப் போயிருந்துச்சு, ஒரு இடத்துல தொட்டதும் பொடியா உதிர்ந்துச்சு. மீட்டரைப் பீப் சத்தம் வர்ற செட்டிங்ல வச்சு அந்த டிராக்கோட ரெண்டு முனையையும் தொட்டா சத்தமே இல்ல. எனாமல் பூசின மெல்லிசு செம்புக் கம்பி ஒண்ணை, தலைமுடியை விட கொஞ்சம் தடி, ரெண்டு முனைக்கும் நடுவுல வச்சு ஈயம் வச்சேன், பீப்னு கத்துச்சு. கீபோர்டு எரர் அதோட போச்சு. அரை அங்குலக் கம்பிதான் மொத்த ரிப்பேரும்.

திரும்ப அதே இடத்துல புதுசா அதே வகை பேட்டரியை வைக்காதீங்க, இன்னொரு பத்து வருஷத்துல மறுபடி இதே கதை. சிஆர் 2032 பட்டன் செல் போடறவங்க நிறைய, ஆனா நேரடியா போடக் கூடாது, ஏன்னா இந்த போர்டு ஓடறப்ப பேட்டரிக்கு சார்ஜ் குடுக்கும், சார்ஜ் ஏத்தக் கூடாத செல் அது. கரண்ட் ஒரு பக்கமா மட்டும் போற மாதிரி நடுவுல ஒரு டையோடு போடணும், ஒரு வழிப் பாதை மாதிரி. நான் மூணு பென்சில் செல் ஹோல்டரை டையோடோட ஒயர் இழுத்து, கேஸோட பக்கவாட்டுல ஒட்டி வச்சுட்டேன், 4.5 வோல்ட்ல டையோடு 0.6 சாப்பிட்டது போக 3.9, போதும். கசிஞ்சாலும் போர்டு மேல விழாது.

ஆன் பண்றதுக்கு முன்னாடி

பிளக்குல சொருகறதுக்கு முன்னாடி கண்ணால பாருங்க, டார்ச் அடிச்சு, மோந்தும் பாருங்க. பேட்டரி ஒட்டியிருந்தா கசியலன்னாலும் கழட்டிடுங்க. அப்புறம் மீட்டரை ஓம்ஸ்ல வச்சு, பவர் கனெக்டர் வர்ற இடத்துல 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல, 12 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல தொட்டுப் பாருங்க, ஏறக்குறைய பூஜ்யம் காட்டுனா எங்கயோ ஷார்ட், ஆன் பண்ணாதீங்க. இதை நான் அன்னைக்குப் பண்ணியிருந்தா அந்த டான்டலம் ஒருவேளை முன்னாடியே மாட்டியிருக்கும்.

பவர் சப்ளையைத் தனியா கழட்டி சீரீஸ் பல்புல போட்டுப் பாருங்க. டிவி மெக்கானிக் கடையில பலகையில ஒரு குண்டு பல்பும் ஒரு பிளக் பாயின்ட்டும் இருக்கும்ல, அதேதான், 60 இல்ல 100 வாட்ஸ் பழைய இழை பல்பு, எல்இடி ஆகாது. உள்ள ஷார்ட் இருந்தா பல்பு முழு வெளிச்சத்துல எரிஞ்சுக்கிட்டே இருக்கும், கரண்ட் எல்லாம் பல்பு வாங்கிக்கும், சப்ளை பொழைச்சுக்கும். பளிச்னு ஒரு தடவை மின்னிட்டு மங்குனா ஷார்ட் இல்ல. சில பழைய சப்ளை லோடு இல்லாம ஸ்டார்ட் ஆகாது, செத்துப்போச்சுன்னு உடனே முடிவு பண்ணிடாதீங்க. ஆனா புதுசா கத்துக்கறவங்க சப்ளையோட மூடியைத் திறக்காதீங்கன்னு கெஞ்சிக் கேக்கறேன், உள்ள இருக்குற பெரிய டிரம்முல 325 வோல்ட் வரைக்கும் நிக்கும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் நிக்கும், அது ஆளைக் கொல்லக்கூடியது.

1995க்கு முந்தின சப்ளையில போர்டுக்குப் போறது ரெண்டு தனித்தனி கனெக்டர், பி8, பி9. பக்கத்துப் பக்கத்துல மாத்தியும் சொருகிடலாம், சொருகினா போர்டு நிஜமாவே போச்சு. கறுப்பு ஒயர் எல்லாம் நடுவுல ஒண்ணா சேர்ந்திருக்கணும், அவ்வளவுதான் விதி.

மாத்தறப்ப

கப்பாசிட்டன்ஸ் அதே அளவு, வோல்டேஜ் அதே அளவு இல்ல அதுக்கு மேல. 16 இருந்த இடத்துல 25 போடலாம், 10 போடக் கூடாது. "வோல்டேஜ் அதிகமா போட்டா மெஷினுக்கு அதிகமா கரண்ட் போயிடும்"னு ஒரு பயம் பரவலா இருக்கு, கிடையாது, அது டிரம்மோட சுவர் பலம்தான், தண்ணி எவ்வளவு வருதுங்கறது பம்பு கையில. 105 டிகிரின்னு போட்டதா வாங்குங்க, பவர் சப்ளைக்கும் 2000க்கு அப்புறம் வந்த போர்டுக்கும் லோ ஈஎஸ்ஆர்னு கேட்டு வாங்குங்க. நான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்லதான் வாங்கறேன், சில்லறையா அஞ்சு பத்துன்னுகூட குடுப்பாங்க.

திசை ரொம்ப முக்கியம். அலுமினிய டப்பாவுல கோடு போட்ட பக்கம் மைனஸ், டான்டலத்துல கோடு போட்ட பக்கம் பிளஸ், நேர் எதிர். ரெண்டையும் ஒரே நாள்ல மாத்துறப்ப இங்கதான் தப்பு நடக்கும். கழட்டறதுக்கு முன்னாடி மேலேர்ந்து தெளிவா ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, போர்டுல அச்சடிச்சிருக்குற குறியை மட்டும் நம்பாதீங்க, கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

மெஷின் ஒழுங்கா ஓட ஆரம்பிச்ச பிறகு அப்கிரேடு

கரண்ட் சீராகாம புது பார்ட்டு எதையும் மாட்டாதீங்க, எது கெட்டுதுன்னே தெரியாம போயிடும். அது முடிஞ்சதும் நான் முதல்ல மாத்துனது ஹார்ட் டிஸ்க், கரகரன்னு அழுதுக்கிட்டு இருந்துச்சு. கேமராவுல போடற காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டு, அந்தக் காலத்து ஐடிஇ வகை ஹார்ட் டிஸ்க்கோட பாஷையையே பேசும், அதனால அடாப்டர்ல பெரிய மூளை எதுவும் இல்ல, வெறும் ஒயர் மாத்தம்தான், விலையும் கம்மி.

ஆனா 4 ஜிபி கார்டைப் போட்டுட்டு "504 எம்பிதான் காட்டுது, கார்டு டூப்ளிகேட்டு"ன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போயிடாதீங்க. அந்தக் காலத்து பயாஸ், அதாவது மெஷின் ஆன் ஆனதும் முதல்ல ஓடற சின்ன புரோகிராம், டிஸ்க்கை 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டார்னுதான் எண்ணும், ஒவ்வொரு செக்டாரும் 512 பைட். பெருக்கிப் பாருங்க, 504 எம்பிக்கு மேல அதுக்கு எண்ணத் தெரியாது. எக்ஸ்டி ஐடிஇ யுனிவர்சல் பயாஸ்னு இலவசமா ஒண்ணு இருக்கு, அதை ஒரு ரோம் சிப்புல எழுதி, நெட்வொர்க் கார்டுல காலியா இருக்குற ரோம் சாக்கெட்ல அந்த சிப்பைப் போட்டா இந்தக் கட்டு அவிழ்ந்துடும்.

மெமரியிலயும் இதே மாதிரி ஒரு குழப்பம். 30 பின் ரேம் ஒண்ணு ஒரு தடவைக்கு 8 பிட்தான் குடுக்கும், 486 கேக்குறது 32, அதனால நாலு நாலாத்தான் மாட்டணும், ஒண்ணு மட்டும் கூட்டி மாட்டுனா மெஷின் கண்ணு திறக்காது. 72 பின்னா இருந்தா 486ல ஒண்ணே போதும், பென்டியத்துல ரெண்டு ரெண்டா.

மாமா மெஷின்ல இப்போ 16 எம்பி இருக்கு. மூணு மாசம் மூடி வச்சுட்டு, போன வாரம் அவர் முன்னாடியே ஆன் பண்ணேன். மெமரியை எண்ணி முடிச்சு, பீப்னு ஒரு சத்தம், எந்த எரரும் இல்லாம டாஸ் வந்துச்சு. மாமா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு கீபோர்டை இழுத்து, அவரே டைம்னு டைப் பண்ணிப் பாத்தார். சுவர்க் கடிகாரத்தை விட ரெண்டு நிமிஷம்தான் பிந்தியிருந்துச்சு.